42 பேருக்கும் ஒரே ஷூ போதுமா?

கேள்வி: கோவை கணபதியில் சின்ன ஃபவுண்டரி (வார்ப்பாலை) நடத்துகிறேன். பம்பு உதிரிகள்தான் முக்கிய வேலை. உலை, மோல்டிங் (மணல் அச்சு செய்வது), கோர் (உள்துளைக்கான மணல் அச்சு), ஃபெட்லிங் (வார்ப்பின் பிசிறு நீக்குவது), பின்னால் ஒரு மெஷின் ஷாப் என்று மொத்தம் 42 பேர். போன வருடம் எல்லோருக்கும் ஒரே மாடலில் லேஸ் வைத்த சேஃப்டி ஷூ வாங்கிக் கொடுத்தேன். பாதிப் பேர் போடுவதே இல்லை. போடுகிறவர்களிலும் சிலர் குதிகால் பக்கத்தை மடித்துச் செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவருக்கு ஷூ போட்டிருந்தும் 12 கிலோ பம்பு கேசிங் (வெளிக்கூடு) விழுந்து பாத எலும்பு முறிந்துவிட்டது. சர்க்கரை நோய் உள்ள மூத்த மோல்டர் ஒருவர் ஷூவே வேண்டாம் என்கிறார். இதைவிட நல்ல மாடல் எது என்று சொன்னால் எல்லோருக்கும் அதையே வாங்கிவிடுவேன். தொலைப்பவர்களுக்குச் சம்பளத்தில் பிடிக்கலாமா?

பதில்: ஐயா, வணக்கம். எல்லோருக்கும் பொருந்துகிற அந்த நல்ல மாடலைத் தேட வேண்டாம். உங்கள் இடத்துக்குக் குறைந்தது மூன்று வகை ஷூ தேவை. 42 பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அவர்கள் காலுக்கு வரும் ஆபத்து ஒன்றல்ல. உலைப் பக்கம் உருகிய இரும்பு தெறிக்கிறது. ஃபெட்லிங்கில் கனமான வார்ப்பு விழுகிறது. மெஷின் ஷாப்பில் எண்ணெயில் வழுக்குகிறது, கடைசலில் வரும் இரும்புச் சுருள் குத்துகிறது. ஒன்றுக்கு நல்லதாக இருக்கும் ஷூ இன்னொன்றுக்கு ஆபத்தாகக்கூட முடியும்.

முதலில் உலைப் பக்கத்தைப் பாருங்கள். மற்றதற்கு ஒரு மாதம் பொறுக்கலாம், இதற்கு முடியாது. லேடில் (உருகிய இரும்பை எடுக்கும் வாளி) பிடிப்பவர்கள், வார்ப்பவர்கள், கசடு எடுப்பவர்கள் லேஸ் ஷூவோடு நிற்கிறார்கள் என்றால் அதை உடனே மாற்ற வேண்டும். வார்க்கும்போது இரும்பு 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். அதில் ஒரு துளி வழவழப்பான தோல்மேல் விழுந்தால் பெரும்பாலும் உருண்டு கீழே போய்விடும். லேஸ் இருக்கும் இடத்தில் அது தங்குகிறது. லேஸ் எரிந்து, நாக்குப் பகுதிக்கும் மேல்தோலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இறங்கிவிட்டால், அதற்கப்புறம் ஷூவே எதிரி. உள்ளே இரும்பு சுட்டுக்கொண்டிருக்கும்போது முடிச்சை அவிழ்த்து ஷூவைக் கழற்ற யாருக்கும் நேரம் கிடைக்காது. ஃபவுண்டரிகளில் பாதத்தில் ஏற்படும் மோசமான தீக்காயங்கள் பல இப்படித்தான் நடக்கின்றன.

அதனால் இவர்களுக்குக் கணுக்காலுக்கு மேல் வரும், லேஸ் இல்லாத, ஒரே இழுப்பில் கழன்று வரும் தோல் பூட்ஸ் வாங்குங்கள். இந்த வேலைக்கென்றே ஐ.எஸ்.ஓ. 20349 என்று தனித் தரம் இருக்கிறது. விற்பவரிடம் அந்த எண்ணைச் சொல்லி, எந்த உலோகத்துக்குச் சோதித்தது என்றும் கேளுங்கள். அந்த பூட்ஸ் கைக்கு வரும்வரை, இப்போதிருக்கும் ஷூவின் மேல் லேஸை முழுக்க மூடுகிற தோல் லெக் கார்டு கட்டச் சொல்லுங்கள். அதன் கொக்கி வெளிப்பக்கம் இருக்க வேண்டும், சட்டென்று பிரிய வேண்டும். பேன்ட் எப்போதும் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும். பேன்ட்டைப் பூட்ஸுக்குள் சொருகினால் துளிகளுக்கு நாமே புனல் வைத்துக் கொடுத்த மாதிரி. கால் விளிம்பை மடித்துவிடுவதும் கூடாது, அந்த மடிப்பிலும் துளி தங்கும்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஆளை நிற்க வைத்து, இரண்டு பூட்ஸையும் கழற்றச் சொல்லுங்கள். உட்கார்ந்து, குனிந்து, இழுத்து மல்லுக்கட்டினால் அந்த அளவோ அந்த மாடலோ சரியில்லை. அதே சமயம் நடக்கும்போது குதிகால் மேலே எழும்பிக் கழன்றுவிடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் பொருந்துகிற அளவைக் கண்டுபிடிக்கத்தான் ஆளைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறோம்.

சாக்ஸ் பருத்தியாக இருக்கட்டும். நைலான் சாக்ஸ் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது தோலும் வரும். வேர்வையில் நனைந்த பூட்ஸைக் காயாமல் அடுத்த ஷிஃப்டுக்குப் போடக் கூடாது. சூடு பட்டதும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிச் சுடும். இதற்காகவே உலைக்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு ஜோடி கொடுப்பது செலவில் சேராது என்பேன். காசு மிச்சம் என்று பி.வி.சி. கம்பூட் வாங்கி உலைப் பக்கம் நிறுத்துகிற இடங்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அதன் மேல்பாகமே உருகிவிடும்.

பூட்ஸோடு சேர்த்து இன்னொன்று. வார்க்கும் இடத்திலிருந்து தள்ளி, எட்டிப் போகிற தூரத்தில் ஒரு குழாய் இருக்க வேண்டும். காலில் இரும்பு பட்டவரை அங்கே கூட்டிப்போய்ப் பூட்ஸைக் கழற்றி, ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். குழாய் ஏன் தள்ளி இருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உருகிய இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் வெடிக்கும் என்பது தெரிந்ததுதான்.

அடுத்து, ஷூ போட்டிருந்தும் எலும்பு முறிந்தவரின் கதை. அவர் ஷூ மட்டமானது என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. நம்மூர் ஐ.எஸ். 15298 தரத்தின் இரண்டாம் பகுதி ‘சேஃப்டி’ ஷூவைப் பற்றியது. அதன் முன்பக்கக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. அப்புறம் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்க வேண்டும், அதாவது சுமார் ஒன்றரை டன். உங்கள் 12 கிலோ கேசிங் மேஜை உயரம், முக்கால் மீட்டரிலிருந்து விழுந்திருந்தால் 90 ஜூல்கூட வராது. விரல்மேல் விழுந்திருந்தால் கவசம் தாங்கியிருக்கும். ஆனால் அந்தக் கவசம் விரல்களோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால், லேஸ் கட்டும் இடத்துக்குக் கீழே இருக்கும் பாத எலும்புகளுக்கு மேலே வெறும் தோல்தான். கேசிங் அங்கே விழுந்திருக்கிறது.

இதற்கு மெட்டாடார்சல் கவசம் என்று மேல்பாதத்துக்கும் சேர்த்து வரும் ஷூ உண்டு. ஷூவில் ‘எம்’ என்ற எழுத்து குறித்திருக்கும். அந்தக் கவசத்துக்கான சோதனை அடி 100 ஜூல். ஃபெட்லிங்கிலும், வார்ப்பைத் தூக்கி வைக்கும் இடத்திலும் வேலை செய்பவர்களுக்கு இதைத்தான் வாங்க வேண்டும். விலை கூடும், குந்தி உட்காரும்போது கொஞ்சம் இடிக்கவும் செய்யும். அதனால் எல்லோருக்கும் கொடுக்காமல் அந்த இடத்து ஆட்களுக்கு மட்டும் கொடுங்கள். கூடவே வார்ப்பு வைக்கும் மேஜையைப் போய்ப் பாருங்கள். விளிம்பில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு ஒரு ஆங்கிள் வெல்டிங் வைத்தால் வார்ப்பு உருண்டு விழாது. உங்கள் பட்டறையிலேயே அரைநாளில் முடிகிற வேலை. ஷூவை நம்புவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

இரும்புக் கவசம் மடங்கினால் விரலை வெட்டிவிடும் என்று உங்கள் ஆட்களில் யாராவது சொல்வார்கள். எல்லா ஃபவுண்டரியிலும் சொல்கிறார்கள். கவசமே நசுங்குகிற அளவுக்கு ஒன்று விழுந்தால், கவசம் இல்லாத விரலில் எதுவும் மிஞ்சாது. சண்டை போடாமல் அதை மட்டும் சொல்லிவிட்டு விடுங்கள். இரும்புக்குப் பதிலாக வரும் காம்போசிட் (நாரும் பிளாஸ்டிக்கும் கலந்த) கவசத்துக்கும் அதே 200 ஜூல் சோதனைதான். எடை குறைவு, கொஞ்சம் தடிமன் கூடுதல். ஆனால் ஒருமுறை பலமாக அடி வாங்கினால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். இரும்போ காம்போசிட்டோ, பெரிய அடி வாங்கிய ஷூவை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

மெஷின் ஷாப் கதை வேறு. அங்கே கூலன்டும் (குளிர்விக்கும் திரவம்) எண்ணெயும் சிந்திய தரையில் வழுக்குவதும், இரும்புச் சுருள் அடியில் ஏறுவதும்தான் பிரச்சினை. இங்கே ‘எஸ்3’ என்று குறித்த ஷூ பொருந்தும். விரல் கவசம், அடியில் துளைக்காத தகடு, மேல்தோல் சீக்கிரம் தண்ணீர் இழுக்காத தன்மை, பள்ளம் விட்ட சோல் எல்லாம் அந்த ஒரு குறியில் அடங்கும். அடித்தகடு 1,100 நியூட்டன் அழுத்தத்தில் குத்தும் ஆணியைத் தடுக்க வேண்டும். இரும்புத் தகடும் உண்டு, கெட்டியான நெய்த துணியில் வருவதும் உண்டு. துணி வளைந்து கொடுக்கும், நடக்க இதமாக இருக்கும். ஆனால் மெல்லிய ஆணி, கூர்மையான சுருள் விஷயத்தில் இரும்புத் தகட்டை நம்பலாம். உங்கள் தரையில் கிடப்பது சுருள் என்பதால் நான் இரும்பையே எடுப்பேன். வழுக்குவதற்கு எஸ்.ஆர்.சி. என்ற குறியைப் பாருங்கள். சோப்புத் தண்ணீர் விட்ட டைல்ஸ் தரையிலும், கிளிசரின் தடவிய எஃகுத் தரையிலும் சோதித்துத் தேறியது என்று அர்த்தம். புது ஐ.எஸ்.ஓ. பதிப்பின்படி வரும் ஷூக்களில் எஸ்.ஆர். என்று மட்டும் இருக்கும். எந்த எழுத்து இருந்தாலும் சோல் பள்ளத்தில் சுருளும் மசியும் அடைத்துக்கொண்டால் பயனில்லை. வாசலில் ஒரு கம்பி பிரஷ் மாட்டிவையுங்கள்.

உங்கள் எலக்ட்ரீஷியனைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொல்ல வேண்டும். எஸ்1, எஸ்2, எஸ்3 எல்லாம் ஆன்டிஸ்டாட்டிக் ஷூக்கள். உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்திவிடுவது அவற்றின் வேலை. அவை கரண்ட் அடிக்காமல் காப்பாற்றும் என்று நினைப்பது தப்பு. மின் வேலைக்கு, எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று குறித்த தனி ஷூ இருக்கிறது. அதைப் போட்டாலும் மெயினை அணைத்துப் பூட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். பக்கத்தில் ‘சி.எம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற கைபேசிச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால், அது யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று தெரிந்துவிடும். டவுன்ஹால் பக்கமோ ஆன்லைனிலோ ‘சேஃப்டி ஷூ’ என்ற பெயரில் வருவதெல்லாம் இந்தச் சோதனையில் தேறாது. இன்னொரு நுணுக்கம், 15298இன் மூன்றாம் பகுதி 100 ஜூல் மட்டுமே தாங்கும் ஷூ, நான்காம் பகுதி விரல் கவசமே இல்லாத ஷூ. பில்லில் 15298 என்று மட்டும் இருந்தால் போதாது, இரண்டாம் பகுதி என்று இருக்கிறதா பாருங்கள்.

சோல் எதனால் ஆனது என்பதையும் கேட்க வேண்டும். நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை பி.யு. (பாலியூரித்தேன்) சோல். இலேசானது, நடக்க மெத்தென்று இருக்கும், மெஷின் ஷாப்புக்கும் ஸ்டோருக்கும் சரி. சூடான மணலும் இப்போதுதான் தட்டி எடுத்த வார்ப்பும் கிடக்கிற தரையில் அது தாங்காது. அங்கே நைட்ரைல் ரப்பர் சோல் வேண்டும், எச்.ஆர்.ஓ. என்று குறித்திருக்கும். 300 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் வைத்துச் சோதித்தது என்று பொருள். சிந்திய உருகிய இரும்பில் மிதிக்கலாம் என்று யாரும் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

பி.யு.வுக்கு இன்னொரு கெட்ட குணம், ஈரக்காற்றில் தானாகவே சிதையும். போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் சில வருடங்களில் சோல் பொடிப்பொடியாக உதிரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஸ்டாக்கை மொத்தமாக எடுத்து, இரண்டாம் மாதமே சோல் கழன்று போன கதைகள் இந்தத் தொழிலில் சகஜம். தயாரித்த மாதமும் வருடமும் ஷூவிலேயே குறித்திருக்க வேண்டும். அதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள், ஒரு வருடத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள்.

இப்போது பாதிப் பேர் ஏன் போடுவதில்லை என்ற கேள்விக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் குதிகால் மடிப்புதான். அதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். நம் ஆட்கள் சின்ன வயதிலிருந்து வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்தவர்கள், விரல்கள் விரிந்து முன்பாதம் அகலமாக இருக்கும். கடையில் வருவதோ குறுகலான அச்சு. தோல் நாளடைவில் விட்டுக்கொடுக்கும், உள்ளே இருக்கும் இரும்புக் கவசம் விட்டுக்கொடுக்காது. சுண்டுவிரல் இடிக்கிறது என்று ஒரு நம்பர் பெரிதாக எடுக்கிறார்கள், அப்புறம் குதிகால் நழுவிக் கொப்புளம் வருகிறது, கடைசியில் மடித்துவிடுகிறார்கள். நீளத்தைக் கூட்டாமல் அகலமான அச்சில் செய்த மாடலைத் தேடுவதுதான் இதற்கு வழி. கேட்டால் கிடைக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கும் ஊர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன.

ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளவெடுங்கள். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு ஏற்றதை எடுங்கள். வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு, முட்டிபோட்டு உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். அப்போது கவசத்தின் பின் விளிம்பு விரல் மூட்டின்மேல் வெட்டினால் அந்த மாடல் வேண்டாம். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இரண்டு பேருக்கு இரண்டு மூன்று மாடல்களைக் கொடுத்து, இரண்டு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு மொத்த ஆர்டர் போடுங்கள். ரொம்பக் குறை சொல்கிற ஆளை அதில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் சரி என்றால் மற்றவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். வடக்கிலிருந்து வந்திருக்கும் ஆட்களிடம் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்து விளக்குங்கள். ‘போடு’ என்ற ஒற்றைச் சொல்லுக்கும், ஏன் போட வேண்டும் என்று புரிந்து போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. கோர் பிரிவில் பெண்கள் இருப்பார்கள். ஆண்கள் ஷூவில் சின்ன நம்பரை அவர்களுக்குக் கொடுத்தால் குதிகால் தளர்வாகத்தான் இருக்கும். பெண்கள் பாத அச்சில் செய்த சேஃப்டி ஷூ தனியாக வருகிறது.

மழைக்காலத்தில் கழற்றிப் போடுவதற்கு இன்னொரு காரணம் சேற்றுப்புண். நாள் முழுக்க வேர்வையில் ஊறிய விரலிடுக்கு வேறு எப்படி இருக்கும்? கழற்றி எடுக்கக்கூடிய இன்சோல் உள்ள ஷூவாக வாங்கினால் அதைத் துவைத்துக் காயவைக்கலாம். ஷூ வைக்கக் காற்றோட்டமான ஒரு ஸ்டாண்டு போட்டுவிடுங்கள். உலைக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தால் தோல் வெடிக்கும். சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிடவும் சாப்பிடவும் ஷூவைக் கழற்றுவார்கள், அது நம் பழக்கம். சாமி படத்தையும் சாப்பாட்டு இடத்தையும் வேலைத்தளத்துக்கு வெளியே வைத்தால் வெறுங்காலோடு யாரும் உள்ளே நடமாட மாட்டார்கள். நீங்களும் உங்கள் சூப்பர்வைசரும் எதைப் போட்டுக்கொண்டு உள்ளே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, உங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

மூத்த மோல்டருக்கு ஷூ மற்றவர்களைவிட அவசியம், தப்பான ஷூ மற்றவர்களைவிட ஆபத்து. சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். ஆணி ஏறினாலும் தெரியாது, ஷூ கடித்தாலும் தெரியாது. சாயங்காலம் சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியவரும். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கும்வரை போனவர்கள் இருக்கிறார்கள். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு புண் வந்த பயம் இருக்கலாம், உட்கார்ந்து பேசிப் பாருங்கள். முதலில் ஒரு மருத்துவரிடம் பாதத்தைக் காட்டட்டும். அகலமான, உள்ளே தையல் உறுத்தாத, காம்போசிட் கவசம் வைத்த ஷூவை முதல் வாரம் தினம் இரண்டு மணி நேரம் மட்டும் போட்டுப் பழகட்டும். ஷூ போடாத நேரத்தில் அவருக்கு ஆபத்தில்லாத வேலை கொடுங்கள். போடும் முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். ராத்திரி வீட்டில் யாராவது பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி நன்றாகவே குறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னால், அவரை வார்க்கும் இடத்திலிருந்து மாற்றிவிடுங்கள். மண் தயாரிப்பிலோ புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலோ அவர் அனுபவம் வீணாகாது.

சம்பளத்தில் பிடிக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. சட்டப்படி நீங்கள் கொடுத்தாக வேண்டிய பாதுகாப்பு வசதிக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 114ஆம் பிரிவு சொல்லியிருந்தது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த, 2020ஆம் வருடத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் நிலையும் அதுதான். காண்ட்ராக்ட் ஆள் என்றால் காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்றும் விட்டுவிட முடியாது. உங்கள் கூரைக்குக் கீழே அடிபட்டால் கேள்வி உங்களிடம் வரும். ஷூ அடிக்கடி தொலைகிறது என்றால், ஒவ்வொரு ஜோடியிலும் நம்பர் பொறித்து, பூட்டுள்ள அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் புதியது என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று தேதி வைத்து மாற்றுவதைவிட நிலையைப் பார்த்து மாற்றுவது நல்லது. சோலின் பள்ளம் தேய்ந்துவிட்டதா, ஒட்டு விட்டிருக்கிறதா, தோல் கிழிந்து கவசம் வெளியே தெரிகிறதா என்று சூப்பர்வைசர் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

போன வருடம் வாங்கிய 42 ஜோடியைத் தூக்கி எறிய வேண்டாம். தயாரித்த தேதி, ஐ.எஸ்.ஐ. எண், சோலின் குறிகள் மூன்றையும் சரிபார்த்துப் பிரித்துவையுங்கள். எஸ்3 என்று இருந்தால் மெஷின் ஷாப்புக்குப் போகட்டும். அடித்தகடு இல்லாத எஸ்1 என்றால் ஸ்டோர், பேக்கிங், கோர் பிரிவுகளுக்கு, காலுக்குப் பொருந்துகிறவர்களுக்கு மட்டும். முன்பக்கம் அடி வாங்கிய ஜோடிகளையும் குதிகால் மடித்து உடைந்துபோன ஜோடிகளையும் குறுக்கே வெட்டிவிட்டு எறியுங்கள். இல்லாவிட்டால் யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்து நிற்பார்கள்.